கேட்டுக்கொண்டே இருந்த கமலவேணி அக்கா

கமலவேணி அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு ஒரு பஸ் கண்டக்டர்தான் சொன்னார். தங்கை வீட்டுக்குப் போவதற்காக ராசிபுரம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். அக்காவையும் என்னையும் வருடக்கணக்காகக் கொல்லிமலைக்கு ஏற்றி இறக்கியவர் அவர். இப்போது கீழே வேறு தடத்தில் ஓடுகிறார். என்னைப் பார்த்ததும் படிக்கட்டை விட்டு இறங்கி வந்து, "ஏனுங்க டீச்சர், எலுமிச்சம்பழத்து அக்கா போயிட்டாங்களாமுங்க. காலையிலதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஊட்டுக்குக் கொண்டாந்தாங்களாம். உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. தங்கை வீட்டுப் பயணத்தை விட்டுவிட்டு முள்ளுக்குறிச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் அலுப்புத்தான் வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையில் ஒருவர் திடீரென்று கையை எடுத்துவிட்டால் மற்றவருக்கு வருமே, அந்த அலுப்பு. கொஞ்சம் கோபமும் வந்தது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுங்கள் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். அரசாங்க ஆபீசுக்கு மனு எழுதுவதற்கு மறக்காதவர் மாத்திரைக்கு மட்டும் மறப்பார். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரிப் படுக்கை என்று ஆகி, இதோ போய்விட்டார்.

இதை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தவர்கள். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க முடியாது. அறியாதவர்களுக்காக மட்டும் சில வரிகள். முள்ளுக்குறிச்சிப் பக்கம் சொந்தக் காட்டில் பாடுபடும் குடும்பத்தில் பிறந்தவர். எம்.ஏ. படித்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "வந்தவனெல்லாம் நல்லவந்தான், எனக்குத்தான் நேரமில்ல" என்பார். தொண்ணூற்றேழில் கொல்லிமலையில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு மையங்கள் தொடங்கப்பட்டபோது, வளப்பூர் நாட்டிலும் எடப்புளி நாட்டிலும் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) இருந்த மையங்களை மேற்பார்வையிடும் வேலை அவருக்குக் கிடைத்தது. நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்த வேலைதான். நான் கீழே ஒரு பள்ளியில் ஆசிரியை. மையங்களில் பாடம் சொல்லித்தரும் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க என்னை அனுப்பினார்கள். அப்படித்தான் இருவரும் ஒரே பஸ்ஸில் சேர்ந்தோம்.

எலுமிச்சம்பழத்து அக்கா என்று கண்டக்டர் சொன்னதற்குக் காரணம் உண்டு. காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அக்காவுக்கு வயிறு புரட்ட ஆரம்பித்துவிடும். ஜன்னலோர இருக்கை, கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் காலிப் பைகள். வளைவுக்கு வளைவு முகம் வெளுத்துக்கொண்டே போகும். சோளக்காட்டில் இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நடக்க ஆரம்பிப்பார். எத்தனை வருடம் ஏறினாலும் அந்த மலை அவருக்குப் பழகவே இல்லை. "அக்கா, இந்த வேலைக்கு வேற ஆளைப் போடச் சொல்லலாமே" என்று ஒருநாள் பரிதாபப்பட்டுக் கேட்டேன். "போடுவாங்க கண்ணு. வாந்தி எடுக்காத ஆளாப் பாத்துப் போடுவாங்க. அவனும் மேல வந்து காத்து வாங்கிட்டு, ஒரு பலாப்பழத்த எடுத்துட்டு எறங்கிருவான்" என்றார்.

மையம் என்றால் பெரிய கட்டிடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூடத்தின் ஒரு அறை, சில ஊர்களில் அதுவும் இல்லாமல் யாருடைய வீட்டு முன்கூடமோ இருக்கும். பெண்கள் காட்டிலிருந்து திரும்பி, அடுப்பு வேலையை முடித்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். அப்போது அந்த ஊர்களில் மின்சாரம் இருந்தும் இல்லாத கதைதான். அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய், சிலேட்டு, தொண்டருக்கு ஒரு சிறு மதிப்பூதியம். தேவை அவ்வளவுதான். அந்த அவ்வளவும் நேரத்துக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. அக்காவின் ஆயுள் பாடம் நடத்தியதில் போகவில்லை, பணம் கேட்டதில் போனது. மலையில் இருக்கும் நாட்களைவிட ஆபீஸ் பெஞ்சில் இருக்கும் நாட்கள்தான் அதிகம். சாப்பாட்டுத் தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மேடம், நாளைக்கு வாங்க" என்று சொன்னால், "நாளைக்கும் வாரேனுங்க. இன்னிக்கும் இருக்கறேன்" என்பார். அந்த ஆபீசில் கேட்டால் கோப்பு இந்த ஆபீசில் என்பார்கள், இந்த ஆபீசில் கேட்டால் அந்த ஆபீஸ் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர் செருப்புத்தான் தேய்ந்தது.

ஒரு வருடம் நிதி வரவே இல்லை. விளக்குகள் அணைந்து மையங்கள் மூடிக் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் கீழே ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி, மொத்த மையங்களுக்கும் விளக்கும் மண்ணெண்ணெயும் தானே தருவதாகச் சொல்லி அனுப்பினார். மலையில் விளையும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரி லாரியாக அவருடைய ஆலைக்குத்தான் போகும். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு மையத்திலும் ஆலையின் பெயரோடு ஒரு போர்டு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. நான் சந்தோஷப்பட்டேன். அக்கா அவர் வீட்டுக்கே போய், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ் நிறுத்தத்திலேயே சண்டை போட்டேன்.

"விளக்கு எரியணும், அவ்வளவுதானே அக்கா? யார் எண்ணெயா இருந்தா என்ன?"

"நீ சொல்றது சரிதான் செல்வி. அவரு குடுத்தா நாளைக்கே எரியும். அடுத்த வருசம் அவருக்குக் கெழங்கு வெல ஒத்துவரலீன்னா நிறுத்திக்குவாரு. அப்ப அவருகிட்டப் போயி நான் என்னன்னு சண்ட போடறது? அவரு காசு, அவரு இஷ்டம். கவுருமெண்டு நிறுத்துனா, ஏன் நிறுத்துனீங்கன்னு சட்டையப் புடிச்சுக் கேக்கலாம். அது இந்தச் சனங்க காசு."

"கேட்டுக்கிட்டேதான் இருக்கீங்க. வரக் காணோமே."

"வரலீன்னா மறுபடியும் கேக்கோணும். கொழந்தைங்க பள்ளிக்கூடத்துக்கு யாராச்சும் உண்டி குலுக்கறாங்களா? இவங்களுக்கு மட்டும் ஏன் தர்மத்துல விளக்கெரியோணும்?"

அந்த மிளகுப் பருவம் முழுக்க மையங்கள் இருட்டாகவே கிடந்தன. இன்றைக்கும் அக்கா செய்தது சரி என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அந்த மாதங்களில் படிப்பை விட்டவர்களில் சிலர் பிறகு வரவே இல்லை. அக்காவிடம் இதைப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவர் மறுத்ததில்லை. "அந்தப் பாவம் எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த மனுவை எழுத உட்கார்ந்துவிடுவார். கடைசியில் பணம் வந்தது. வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, படிப்பவர்களுக்கு உண்மையிலேயே வாசிக்க வந்திருக்கிறதா என்று சோதிப்பார். வந்திருந்தால் அடுத்த வருடமும் நிதி உண்டு. இல்லாவிட்டால் மையங்களை நிரந்தரமாக மூட வேண்டியதுதான். வளப்பூர் நாட்டு மையம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் மையங்களிலேயே நன்றாக நடந்தது அது. அங்கே தங்கம்மா என்று ஒரு பெண் இருந்தார். கால் ஏக்கரில் மிளகு, கொஞ்சம் சாமை, மீதி நேரம் கூலி வேலை. பஸ் போர்டு, சோப்பு உறை, பலாப்பழம் சுற்றி வந்த காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவர் ஒருவரே போதும் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

சோதிக்க வந்தவர் இளைஞர். மரியாதையானவர். சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, அச்சடித்த ஒரு அட்டையைத் தங்கம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அக்காவையும் என்னையும் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. தங்கம்மா அட்டையைப் பார்த்தார். ஒரு தடவை எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "…ஒரு விவசாயி" என்றார். முதல் சொல்லைக் காணோம். "முதல்ல இருந்து படிங்கம்மா" என்றார் இளைஞர். தங்கம்மா தலையைக் குனிந்துகொண்டார். அட்டை அடுத்தவரிடம் போனது. அவர் "பெ" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அதற்கடுத்தவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒருவர் சுவரைப் பார்த்தார். இரண்டொருவர் தப்பும் தவறுமாகப் படித்து முடித்தார்கள். நன்றாகப் படிக்கும் பெண்கள் அத்தனை பேரும் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். இளைஞர் வருத்தத்தோடு எதையோ குறித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் சத்தம் அடங்குவதற்குள் அக்கா எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார். "ஏன்டியம்மா, மானத்த வாங்கிட்டீங்களே! நேத்து வரைக்கும் கடகடன்னு படிச்சீங்களே, இன்னிக்கு என்ன வந்துச்சு வாய்க்கு? தங்கம்மா, நீயுமா?"

தங்கம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. அட்டையில் இருந்ததைக் கையாலேயே தரையில் எழுதிக் காட்டினார். "பெரியசாமி ஒரு விவசாயி. பெரியசாமி வயலில் நெல் நட்டான்."

"ஏனுங்க, ஊட்டுக்காரரு பேர எப்படீங்க வாயில சொல்லறது?" என்றார். "அதும் அசலூரு ஆம்பள முன்னால!"

"எங்க மாமனாரு பேருங்க அது" என்றார் அடுத்தவர்.

"எனக்கு மூத்த கொழுந்தனாருங்க."

"நட்டானாமே! எம் மாமனார அவன் இவன்னு நானே படிக்கோணுமாக்கும்?"

மலையில் மாசி பெரியசாமி கோயில் இருக்கிறது. ஊரில் பாதி ஆண்களுக்கு அந்தச் சாமியின் பெயர்தான். தாலி கட்டியவன் பெயரையும் அவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. மையத்திலும் அப்படித்தான். கணவர் பெயரைச் சிலேட்டில் அழகாக எழுதிக் காட்டுவார்கள். உரக்கப் படிக்க மாட்டார்கள். தொண்டரும் அதே ஊர்ப் பெண் என்பதால் இதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அட்டையில் வரும் பெயருக்கும் அந்த வழக்கம் பொருந்தும் என்று எங்கள் இருவருக்கும் அதுவரை தெரியாது. அட்டை அச்சடித்தவருக்கு எப்படித் தெரியும்? தப்பும் தவறுமாகப் படித்தார்களே அந்த இரண்டொருவர், அவர்கள் வீட்டில் பெரியசாமி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சிரிப்பு பஸ் ஏறும் வரைதான். சில நாளில் அறிக்கை வந்துவிட்டது. படிப்பவர்களின் வாசிப்புத் திறன் போதவில்லை, நிதி தொடர்வதை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. ஆய்வுக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, வரிசையாக அதிகாரிகள், மிக்சரும் டீயும். அக்காவுக்குப் பேச வாய்ப்பு வந்தபோது மணி மதியம் தாண்டியிருந்தது, எல்லார் முகத்திலும் பசி தெரிந்தது. அவர் நீட்டி முழக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். மூத்த அதிகாரி ஒருவர், "சாக்குச் சொல்றீங்க மேடம்" என்றார்.

"சாக்கு இல்லீங்க. நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க. படிக்கத் தெரியாதவளா இருந்தா வாய்க்கு வந்தத உளறியிருப்பா. சரியா அந்த ஒரே எடத்துல வந்து நிக்கோணும்னா, அங்க என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சாத்தானுங்க நிக்க முடியும்? படிச்சதனாலதானுங்க அவங்க வாயத் தொறக்கல. நீங்க அவங்களுக்குப் பெயில் போட்டுட்டு, தப்பாப் படிச்சவளுக்குப் பாஸ் போட்டிருக்கறீங்க."

மேஜையில் யாரோ சிரித்தார்கள். மூத்த அதிகாரியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "சரி, இன்னொரு தடவை வைக்கலாம். வேற பேர் போட்டு எழுதிக் குடுங்க. யாருக்கும் சொந்தமில்லாத பேரா இருக்கட்டும்" என்றார். பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பேரைத் தேடினோம். வெள்ளையன் என்றால் ஒருத்தியின் கணவர். பொன்னுசாமி என்றால் இன்னொருத்தியின் மாமனார். சடையன், சின்னான், ராமசாமி, எதைச் சொன்னாலும் யாரோ ஒருத்தியின் வாய் அடைத்துக்கொள்ளும். கடைசியில் அக்கா, "பீட்டர்" என்றார். அந்த மையத்தில் படித்தவர்கள் யார் வீட்டிலும் பீட்டர் கிடையாது. 'பீட்டர் ஒரு விவசாயி. பீட்டர் வயலில் நெல் நட்டார்.' மறுசோதனையில் தங்கம்மா முதல் மொத்த மையமும் தண்ணீர்பட்ட பாடாகப் படித்துத் தள்ளியது. அதன் பிறகு ரொம்ப நாள் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம், "அந்தப் பீட்டருக்கு எந்த ஊருங்க? கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டு எங்களைக் கிண்டல் செய்வார்கள்.

இந்த இடத்தில் இதை முடித்துக்கொள்ள எனக்கு ஆசைதான். அப்படி முடியவில்லையே. அந்த ஒரு வருடம் பணம் ஒழுங்காக வந்தது. அடுத்த வருடம் மொத்தமாக நின்றது. காரணம் கேட்டபோது சொன்னார்கள்: எல்லாரும்தான் படித்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு மையம்? படிப்பு வராவிட்டால் வீண் செலவு என்று நிறுத்துவார்கள், வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறுத்துவார்கள். இதற்கு ஒரு விழாவும் எடுத்தார்கள். அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் சரிங்க, அடுத்த வருசத்துக்கு மண்ணெண்ணெய்க்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மைக்கில் கொய்யென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அது வேலை செய்யவில்லை. மேற்பார்வையாளர் வேலையும் அதோடு போனது. அக்கா சம்பளம் இல்லாமலே மலைக்கு ஏறினார். அப்போதும் வாந்தி எடுத்தார்.

"மழைக்கு மலை ரோடு அரிச்சுட்டா மறுபடியும் போடறாங்க இல்ல? போன வருசந்தான் போட்டமேன்னு சும்மாவா உட்டுடறாங்க? படிப்பும் அப்படித்தானே? மழ பெஞ்சா அதுவும் அரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மனுவையும் எழுதுவார். 'மேற்படி கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். சில சமயம் அதுவும் வராது. நூலகமாக மாற்றலாம், வாரத்தில் மூன்று நாளாவது திறக்கலாம், பத்திரிகையாவது வாங்கிப் போடலாம் என்று கேட்டதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்தக் குறைப்பைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மையங்கள் மூடிச் சில வருடங்கள் கழித்து ஒருநாள் சோளக்காட்டுச் சந்தையில் தங்கம்மாவைப் பார்த்தோம். மிளகு விற்றுவிட்டு நின்றிருந்தார். பஸ் வந்து நின்றது. "அக்கா, இது வளப்பூர் பஸ்ஸுங்களா?" என்று கேட்டார். போர்டு கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அக்கா வழக்கம்போல, "நீதான படிச்சவ! போர்டப் பாரு" என்று அதட்டினார். தங்கம்மா போர்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "எழுத்தெல்லாம் தெரியுதுங்க அக்கா. ஒண்ணோட ஒண்ணு சேரமாட்டேங்குது" என்றார். வீட்டில் புத்தகம் இல்லை, பேப்பர் இல்லை, கூடி உட்கார்ந்து படிக்க ஆளில்லை. மறந்து போகாமல் என்ன செய்யும்? அக்கா அவர் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு மலை இறங்கும்போது அவருக்கு வாந்தி வரவில்லை. கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை முகராமலே வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அழுதார். நான் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கை முழுக்க ஊசிக் காயம், முகம் வீங்கியிருந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். "நீயே தின்னு கண்ணு, பக்கத்துல உக்காந்து தின்னு, நான் பாக்கறேன்" என்றார். மனு எழுதலாமா என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்கவில்லை. நான் தின்று முடித்ததும், "அலுத்துப்போச்சு செல்வி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. "விடுங்க அக்கா, போதும்" என்றேன். "உட்டுடலாந்தான். அலுத்துப்போச்சுன்னு எழுதி மனு குடுத்தா வாங்குவாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரைச் சொந்தக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். மலைக்குச் செய்தி தாமதமாகத்தான் போனது. மூன்றாம் நாள் காலையில் தங்கம்மாவும் வளப்பூர் நாட்டிலிருந்து இன்னும் நாலைந்து பெண்களும் வந்து சேர்ந்தார்கள். நேராகக் காட்டுக்குப் போய் அழுதுவிட்டு, வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். ஒரு பை மிளகும் ஒரு பலாப்பழமும் கொண்டுவந்திருந்தார்கள். செத்த வீட்டுக்கு எதற்கு என்று யாரோ கேட்டார்கள். "அக்கா வந்தா வெறுங்கையோட அனுப்ப மாட்டோமுங்க. அதான்" என்றார் தங்கம்மா. அக்காவின் தம்பி அதை வாங்கி உள்ளே வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து தங்கம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், வார திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்கறாங்களாமுங்க. நாங்க போறோம்."

"எதுக்கு?"

"மையத்த மறுபடியும் தொறக்கச் சொல்லித்தானுங்க. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனப்ப அக்காதாஞ் சொல்லுச்சு. 'என்னால இனி வர முடியாது, நீங்களே போயிக் கேளுங்க'ன்னு."

எனக்குக் கோபமும் துக்கமும் ஒன்றாக வந்தன. அங்கேயும் சும்மா இருக்கவில்லையா இந்த மனுஷி? "கேட்டாக் குடுப்பாங்கன்னு நெனைக்கறீங்களா?" என்றேன். என் குரலில் இருந்த சலிப்பு எனக்கே கேட்டது.

"அது தெரியாதுங்க" என்றார் தங்கம்மா. "கேக்காம இருந்தா, இவங்களுக்கு வேண்டாமாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. அதுக்காச்சும் போகோணுமில்லீங்களா? எங்கள மட்டும் பாத்தா வாசல்லயே நிறுத்திருவாங்க. நீங்க கூட வந்து நில்லுங்க டீச்சர். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பேசறத நாங்க பேசிக்கறோம்."

அவர்கள் போன பிறகு, அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று யோசித்துப் பார்த்தேன். அவருடைய வாய் எனக்கு வராது. எந்த மேஜைக்கு முன்னாலும் இது எங்கள் பணம் என்று கூசாமல் சொல்லும் துணிச்சலும் எனக்கு இல்லை. அவை இரண்டும் பஸ் ஏறி மலைக்குப் போய்விட்டன. போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கின்றன. என்னிடம் இருப்பது, கூடப் போய் நிற்கும் வேலை. இத்தனை வருடமும் நான் அவருக்குச் செய்தது அதுதான் போலிருக்கிறது. பணம் வருமா என்று எனக்குத் தெரியாது. வராது என்றே தோன்றுகிறது. முழங்கால் வேறு வலிக்கிறது, ரொம்பவே அலுப்பாக இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் வாசலில் இருப்பேன் என்று தங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன்.